ஒரே கம்பத்து மூன்று வீடுகள்

எங்கள் தெருவின் கடைசிக் கம்பத்திலிருந்து மூன்று வீடுகளுக்குத்தான் கரண்ட் போகிறது. ஒன்று என் வீடு. எதிரில் இருக்கும் மற்ற இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தவை. அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவில் ஒரு சுவரை எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சுவருக்குத் தம்பி பக்கம் பூச்சு உண்டு, வெள்ளை உண்டு. அண்ணன் பக்கம் செங்கல் அப்படியே தெரியும். பிறகு பூசிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

அண்ணன் மின்சார ஆபீஸில் லைன்மேன், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தம்பி ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். கரண்ட் போனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் வரும். அண்ணன் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், தம்பி வேனை எடுப்பார். தெருமுனை வரைக்கும் ஒன்றாகப் போய், அண்ணன் கம்பத்தைத் தேடியும் தம்பி கல்யாண மண்டபத்தைத் தேடியும் பிரிவார்கள். "அண்ணன் பிடுங்குறாரு, தம்பி மாட்டுறாரு" என்று டீக்கடையில் ஒரு கிண்டல் உண்டு. தம்பி அதைக் கேட்டுச் சிரிப்பார். அண்ணனும் சிரிப்பார். அண்ணன் மனைவிக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது.

நானும் அதே ஆபீஸ்தான். புகார் மேஜை. பதினாறு வருஷமாகப் போனை எடுத்து, நோட்டில் எழுதி, போனை வைக்கிறேன். தெருவில் என்னைக் கூப்பிடுவதே "புகார்" என்றுதான். அதனால் கொஞ்சம் புகார் மேஜையைப் பற்றியும் சொல்லவேண்டும்.

ஊரின் உயரமான பகுதிக்கு மேடு என்று பெயர். டாக்டர்கள், வக்கீல்கள், மில் முதலாளி எல்லாருக்கும் வீடு அங்கேதான். முன்பெல்லாம் மேட்டில் கரண்ட் போன ஐந்தாவது நிமிஷம் என் போன் அலறும். வாங்குகிற திட்டில் காது சிவந்துவிடும். ஆனால் வேலை நடந்தது. மேட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரே லைன் என்பதால் அவர்கள் திட்டிய திட்டில் எங்கள் வீட்டிலும் விளக்கு எரிந்தது. பிறகு மேட்டில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வந்து இறங்கியது. போன் அடங்கிப்போனது. பெரிய ஆபீஸில் நோட்டைப் பார்த்துவிட்டு, புகார் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறதே என்று எங்கள் இன்ஜினியருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள். இவ்வளவு நன்றாக நடக்கிற ஆபீஸுக்கு இத்தனை ஆள் எதற்கு என்று, ஓய்வு பெற்றுப்போன மூன்று லைன்மேன்களின் இடத்தை நிரப்பவில்லை. ரப்பர் கையுறை மூன்று பேருக்கு ஒரு ஜோடி என்று ஆனது.

கீழே இருந்தவர்கள் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டார்கள், நானும் எழுதினேன். சாயங்காலம் இன்ஜினியர் நோட்டைப் புரட்டி, "யாரு யாரு கூப்பிட்டாங்க?" என்பார். தையல்கடைக்காரர், சோடா கம்பெனி வாட்ச்மேன், மூன்றாவது சந்து ரிட்டையர்டு வாத்தியார் என்று நான் வாசிப்பேன். அவர் கொட்டாவி விடுவார்.

இப்போது லைன்மேன் மனைவியிடம் வருகிறேன். அவளுக்குப் பொறாமை. இதை மென்று முழுங்கிச் சொல்வதில் பயனில்லை. தம்பி மனைவியைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தெருவில் அந்த இரண்டு பெண்களையும் மூத்தவள், இளையவள் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

மூத்தவளுக்குச் சுவர் வழியாகவே அந்த வீட்டின் வளர்ச்சி தெரியும். முதலில் மிக்ஸி சத்தம் வந்தது. அடுத்த வருஷம் ஃப்ரிட்ஜ். அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் இவள் அரிவாள்மணையில் கை அப்படியே நின்றுவிடும். சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கும். கரண்ட் போனால் தெருவே இருட்டாகும், ஜெனரேட்டர் உறுமும், அந்த இடைவெளி வழியாக இளையவள் வீட்டு வெளிச்சம் இவள் கூரையில் நீளமாக ஒரு கோடாக விழும். அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல்கூடக் கோக்கலாம். இவள் ஒருநாள் ஏணி போட்டு ஏறி, பழைய போர்வையை ஆணி அடித்து அதை மறைத்தாள். லைன்மேன் கேட்டதற்கு, பல்லி வருகிறது என்றாளாம்.

என்னிடம் ஒருமுறை மனம்விட்டே சொன்னாள்.

"அவங்க சம்பாதிக்கிறாங்கன்னு எனக்கு வயித்தெரிச்சல் இல்லண்ணே. இருக்குதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. ஒரே போன்தானே ரெண்டு பேருக்கும் வருது? இவரு மழையில நனைஞ்சு அதைச் சரி பண்றாரு. சரியாகாத வரைக்கும் அவருக்கு வருமானம். இவரு சீக்கிரம் முடிச்சா தம்பிக்கு நஷ்டம், லேட்டா முடிச்சா ஊரு இவரைத் திட்டுது. இது என்னண்ணே கணக்கு?"

எனக்கு என்ன தெரியும் என்றேன். அந்த வெளிச்சக் கோட்டை என் வாசலில் இருந்து பார்க்கும்போது எனக்கும் வயிறு எரியும் என்று மட்டும் சொல்லவில்லை.

மூத்தவள் சும்மா இருக்கிறவள் இல்லை. ஓடாமல் போன ஒரு பழைய ஃப்ரிட்ஜை எடைக்கு வாங்கி, உள்ளே இரண்டு குண்டு பல்பும் ஒரு சின்ன ஃபேனும் மாட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டை பொரிக்கிற பெட்டியாக ஆக்கிவிட்டாள். வேலை பார்த்துக் கொடுத்தது லைன்மேன். தினம் மூன்று வேளை ஒவ்வொரு முட்டையாகத் திருப்பி வைக்கவேண்டும். இருபத்தோரு நாள் சூடு குறையக்கூடாது. பொரிந்த குஞ்சுகளைச் சுற்றுப்பட்டில் கோழி வளர்க்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இளையவளிடம் எல்லாம் இருந்தாலும் அவளாக உண்டாக்கியது எதுவுமில்லை என்பது இவள் மனசுக்குள் ஒரு தெம்பு.

அந்தத் தெம்பில்தான் மண் விழுந்தது. முதல் தடவை பதினாறாம் நாள் எட்டு மணி நேரம் கரண்ட் போனது. முட்டை அத்தனையும் செத்துப்போனது. இவள் அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டும்போது தெருப் பெண்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். இளையவள் ஓடிவந்து, "ஐயோ அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம வீட்டுல வெச்சிருக்கலாமே" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான்கு பேர் முன்னால் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம். இளையவள் லைன்மேனிடம், "மாமா, எங்க வீட்டுல இருந்து தனியா ஒரு வயர் இழுத்துக்கச் சொல்லுங்க அக்காவை" என்று எத்தனையோ தடவை சொல்லி அனுப்பினாள். "லைன்மேன் வீட்டுக்குக் கரண்ட் பிச்சையா?" என்று இவள் ஒரே பதிலைத் திருப்பி அனுப்பினாள்.

ஆனால் இரண்டாவது தடவையும் முட்டை போன பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். பரண் மேல் ஒரு வயர் இருந்தது. இரண்டு முனையிலும் ப்ளக் உள்ள வயர். மேட்டில் ஒரு வீட்டில் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுப் பிளக்குக்கு அப்படியே செருகி வைத்திருந்தார்கள். லைன்மேன் பார்த்து, பறித்துக்கொண்டு வந்துவிட்டார். மெயின் சுவிட்சை இறக்காமல் அதைச் செருகினால் வீட்டுக் கரண்ட் திரும்பிக் கம்பத்துக்கு ஏறும், மேலே நிற்கிறவன் உயிர் போகும் என்று அவளிடம் விளக்கமாகச் சொல்லித்தான் பரணில் போட்டார்.

பின்புறம் துணி துவைக்கிற சந்து இரண்டு வீட்டுக்கும் பொது. இளையவள் அங்கே வாஷிங் மெஷின் வாங்கி வைத்தாள், சுவரில் ப்ளக் பலகை மாட்டினாள். அதில் ஒரு துளை சும்மா இருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது மூத்தவள் சத்தமில்லாமல் ஒரு முனையை அங்கே செருகுவாள், இன்னொரு முனையைத் தன் சமையலறையில் செருகுவாள். மெயினை ஞாபகமாக இறக்கிவிட்டுத்தான் செய்வாள். இரண்டு தடவை அப்படிச் செய்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

மூன்றாவது தடவைதான் காற்று அடித்த நாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்த காற்று ஒரு மணி நேரத்தில் ஊரையே கலைத்துப் போட்டுவிட்டுப் போனது. எங்கள் தெருவில் மரக்கிளை விழுந்து கடைசிக் கம்பத்துக்கு வருகிற கம்பி அறுந்தது. ஊர் முழுக்க இருபத்தி மூன்று இடத்தில் கோளாறு, ஏறுவதற்கு மூன்றே பேர். அன்றைக்கு மேட்டில் டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. அதனால் அவர்களும் கூப்பிட்டார்கள். என் மேஜைக்கு இல்லை, இன்ஜினியர் செல்போனுக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் வரிசை எழுதினேன். முதல் நான்கும் மேடு. எங்கள் தெரு பதினொன்று. என் கையாலேயே எழுதினேன். "பத்துக்கு மேல நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார்.

லைன்மேன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"பதினொண்ணா, சார்?"

"ஆமாப்பா."

"இன்னிக்கு முட்டைக்குப் பத்தொன்பதாவது நாள்."

"நான் என்னப்பா பண்றது?" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

இங்கே வீட்டில் மூத்தவள் சந்தில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக வெயில் இல்லை, கொடியில் பழைய துணியே ஈரமாகத் தொங்கியது. பக்கத்தில் இளையவளின் மெஷின் ஜெனரேட்டர் கரண்டில் சுற்றியது. சுற்றி முடித்து, புதுப் போர்வைகளைக் கிட்டத்தட்ட காய்ந்தே வெளியே தள்ளியது. இளையவள் வந்து ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். மடிக்கும்போது வாய்க்குள்ளே ஏதோ பாட்டு. மூத்தவளுக்கு அந்தப் பாட்டுத்தான் தாங்கவில்லையாம். "மழைக்காலத்துலகூட அவளுக்குத் துணி காயுது. எனக்கு அடுப்புமேல போட்டாலும் காயல. அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேண்ணே, கை தன்னால செஞ்சுடுச்சு" என்று பிறகு சொன்னாள். இளையவள் உள்ளே போனதும் எழுந்து வயரைச் செருகினாள். மெயினை இறக்கவில்லை.

அப்போது நான் ஷிப்ட் முடிந்து வீட்டில் கட்டிலில் படுத்திருந்தேன். மணி ஐந்து இருக்கும். வானம் மூட்டமாக இருந்ததால் வீட்டுக்குள் இருட்டு. திடீரென்று விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. "கரண்ட் வந்துடுச்சு" என்று என் வீட்டுக்காரி மிக்ஸியைப் போட ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் இருட்டு. எங்கள் கம்பத்து வீடுகளில் மட்டும் வெளிச்சம்.

பதினாறு வருஷம் மின்சார ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரிந்தது. கம்பி அறுந்து கிடக்கும்போது என் வீட்டுக்குக் கரண்ட் வருகிறதென்றால் யார் வீட்டிலிருந்தோ திரும்பி வருகிறது என்று அர்த்தம். எழுந்துபோய் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஃபேன் காற்று முகத்தில் பட்டது. வரிசையில் பதினொன்று, நாளைக்குத்தானே ஆள் வரும், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கண்ணை மூடினேன்.

வெளியே தடாலென்று சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் லைன்மேன் கம்பத்தடியில் கிடந்தார். மேட்டில் நான்காவது இடத்தை முடித்துவிட்டு, மற்ற இரண்டு பேரும் டீ குடிக்கப் போன நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை மிதித்து வந்திருக்கிறார். கையுறை மற்றவர்களிடம் இருந்தது. லைனில் கரண்ட் இல்லை, ஏறலாம் என்று ஆபீஸில் கொடுக்கிற சீட்டும் வாங்கவில்லை, வரிசையில் பதினொன்றாக இருக்கிற தெருவுக்கு அன்றைக்கு அதைக் கொடுக்கவும் மாட்டார்கள். வாசலில் கிடந்த மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறியிருக்கிறார். மனைவியின் முட்டைக்காக ஏறியிருக்கிறார்.

தம்பிதான் தோளில் தூக்கி வேனில் போட்டார். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. தம்பி ஒரு நிமிஷம்கூட நிற்காமல் வேனைத் திருப்பி மேட்டில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வலது கையில் இரண்டு விரல் போனது. இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் நின்றது.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்தவள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இளையவள் மாற்றுத் துணி கொண்டுவந்தாள், தலையணை கொண்டுவந்தாள், நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கினாள். எல்லாம் அந்த வீட்டுக் காசு. இவளுக்கு அதற்குக் கும்பிடவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. புருஷன் உள்ளே கிடக்கிறபோதும் அவள் கண் இளையவள் தோளில் மாட்டியிருந்த பையின் மேலேயே இருந்தது. குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். வயரை மட்டும் அன்றைக்கே பிடுங்கிப் பரணில் போட்டிருந்தாள். அவள் வீடு திரும்பியபோது முட்டைப் பெட்டி இருந்த இடத்தில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அதன் சின்ன ஃபேன் சத்தம் கேட்டது. இளையவள் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்திருந்தாள்.

மறுநாள் விடியும்போதே மூத்தவள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்ஜினியர் என்னண்ணே எழுதியிருக்காரு?"

"அனுமதி இல்லாம ஏறினாருன்னு எழுதியிருக்காரு."

"அப்படி எழுதினா?"

"வைத்தியச் செலவு ஆபீஸ் தராது. வேலையும் சந்தேகம்தான்."

"வேற எப்படி எழுதலாம்?"

வெளியிலிருந்து யாருடைய ஜெனரேட்டர் கரண்டாவது லைனுக்கு வந்ததென்று எழுதினால் இது விபத்து, ஆபீஸ் பொறுப்பேற்கும், ஜெனரேட்டர்காரர் மேல் கேஸ் ஆகும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் தன் வீட்டைப் பார்த்தாள். தன் வீட்டையா, பக்கத்து வீட்டையா என்று சொல்ல முடியாது.

"அப்போ அவங்க ஜெனரேட்டர்னு எழுதுங்க."

"நீ பார்த்தியாம்மா?"

"நம்ம தெருவுல ஜெனரேட்டர் ஓடினது ஒரே வீட்டுலதானே."

நான் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த மனு போன வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மேட்டில் நாற்பது ஜெனரேட்டர் ஓடுகிறது, பாதிக்கு மேல் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் செருகியவை. அங்கே ஒருவரும் போகவில்லை. கீழே ஒரு ஜெனரேட்டர்காரர் அகப்பட்டதும் மத்தியானத்துக்குள் இரண்டு பேர் வந்து வீட்டு ஜெனரேட்டரோடு வாடகை ஜெனரேட்டர்களுக்கும் சீல் வைத்துவிட்டார்கள். தம்பி முறையாகச் சுவிட்ச் வைத்துத்தான் இணைப்புக் கொடுத்திருந்தார். அதைத் திறந்து காட்டினார். வந்தவர்கள் பார்க்கவில்லை.

மூத்தவள் போர்வையின் ஓரத்தை விலக்கி, அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக எல்லாவற்றையும் பார்த்தாளாம். "பொய் சொல்லலண்ணே, வயிறு குளிர்ந்துச்சு" என்றாள். அன்று பகலில் அறுந்த கம்பியைக் கட்டிக் கரண்ட் விட்டார்கள், சாயங்காலம் மறுபடி போனது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு வீடும் ஒரே மாதிரி இருட்டாக இருந்தன. அவள் பாய் விரித்துப் படுத்தாள். அந்தப் பக்கம் அடுப்பு பற்றவைக்கிற சத்தம், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், மறுபடி மறுபடி கேட்டது. இளையவள் வெந்நீரைப் பாட்டிலில் அடைத்து, துணி சுற்றி, முட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் குஞ்சு கத்தியது. மூத்தவளுக்கு அப்போது வந்தது சந்தோஷம் இல்லை. தன் முட்டை அவள் வீட்டில் போய்ப் பொரிகிறதே என்றுதான் தோன்றியதாம்.

அதற்கு அடுத்த நாள் இன்ஜினியர் லைன்மேனிடம் வாக்குமூலம் வாங்கப் போனார். எழுதுவதற்கு நான். கட்டிலின் ஒரு பக்கம் மூத்தவள். கதவருகில் இளையவள் ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்றாள். ஜெனரேட்டர் சீல் ஆனதால் நான்கு மண்டபம் கைவிட்டுப் போயிருந்தது. முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பதினேழு பொரிந்திருக்கிறது என்று மட்டும் மூத்தவளைப் பார்த்துச் சொன்னாள். மூத்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

இன்ஜினியருக்கு வேலை சீக்கிரம் முடியவேண்டும். "பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்ல இருந்து கரண்ட் வந்துச்சு, உங்களுக்கு அது தெரியாது. அப்படித்தானே?" என்றார்.

லைன்மேன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுன்னு சொல்ல முடியாது, சார். எங்க வீட்டு சமையலறையில லைட் எரிஞ்சுது. மேல ஏறினதும் பார்த்தேன்."

நான் பேனாவை நிறுத்தினேன். இன்ஜினியரும் நிமிர்ந்து பார்த்தார்.

"லைட்டைப் பார்த்துமா கை வெச்சீங்க? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு."

"தனியா வயர் இழுத்துக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன், சார்." அவர் மனைவியையும் பார்க்கவில்லை, தம்பி மனைவியையும் பார்க்கவில்லை. "எத்தனையோ தடவை இந்தப் பொண்ணு கேட்டுச்சு, இவ வேண்டாம்னுட்டா. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசிக்கிறதில்ல. லைட்டைப் பார்த்ததும், சரி, ரெண்டு பேரும் பேசிட்டாங்கன்னு நினைச்சேன். ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல கை வெச்சுட்டேன்."

அறையில் ஃபேன் மட்டும் சுற்றியது. மேட்டு ஆஸ்பத்திரி அது, அங்கே ஃபேன் நிற்பதில்லை.

மூத்தவள் எழுந்து நின்றாள். அழவில்லை. "எழுதுங்கண்ணே" என்றாள் என்னிடம். "வயரைச் செருகினது நான். மெயினை இறக்க மறந்துட்டேன். அவங்க ஜெனரேட்டர் மேல தப்பு இல்ல. அவங்களுக்குத் தெரியாம எடுத்தேன்."

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க" என்றார் இன்ஜினியர். "இதை எழுதினா கேஸ் உங்க மேல. அவருக்கும் பணம் வராது."

"எழுதுங்கண்ணே."

நான் எழுதினேன்.

வராந்தாவில் இளையவள் ஃப்ளாஸ்க்கை மூத்தவள் கையில் கொடுத்தாள். "எனக்குத் தெரியும்க்கா. மெஷின் பக்கத்துல வயர் போனதை மொத தடவையே பார்த்தேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல? சீல் வெச்சாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மாமாவுக்கு வேலை போயிடுமேன்னு. அதுக்காக மட்டும் இல்ல. ஊருல கரண்ட் போனா சந்தோஷப்படுற மனுஷனோட நான் குடும்பம் நடத்துறேன். உங்க முட்டைக்காக ஒருத்தர் யாருக்கும் சொல்லாம கம்பம் ஏறுறாரு. அன்னிக்கு மாமாவைத் தூக்கிட்டு வரும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சொன்னா நீங்க அடிப்பீங்க."

மூத்தவள் அடிக்கவில்லை. ஃப்ளாஸ்க் மூடியில் பாலை ஊற்றி முதலில் அவளிடம் நீட்டினாள்.

ஜெனரேட்டரின் சீலை உடைத்தார்கள். விசாரணை என்று சொல்லி ஃபைல் பெரிய ஆபீஸுக்குப் போனது, போனது போனதுதான். லைன்மேன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், தீர்ப்பு வரும்வரை அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை என்று என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். தையல்கடைக்காரர் கூப்பிட்டால்கூட முழு விலாசமும் கேட்டு எழுதுகிறார். கையுறை இன்னும் மூன்று பேருக்கு ஒரு ஜோடிதான்.

போன வாரம் மறுபடி காற்று அடித்தது. இன்ஜினியர் சொல்ல நான் வரிசை எழுதினேன். முதல் நான்கும் மேடு. எங்கள் தெரு ஒன்பது. இரண்டு இடம் முன்னேறியிருக்கிறோம். லைன்மேன் படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கமே தள்ளினார். பிறகு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"அந்தக் கம்பத்துல மூணு வீடுதானே சார். அன்னிக்கு உங்க வீட்டுலயும் லைட் எரிஞ்சிருக்கணுமே?"

மூத்தவள் கட்டில் பக்கத்தில் எழுந்து நின்ற விதம் எனக்கு ஞாபகம் வந்தது. இளையவள்கூட வராந்தாவில் வாய் திறந்து சொல்லிவிட்டாள். அந்த இரண்டு பெண்களின் மேலும் எனக்கு அப்போது வந்த பொறாமை, அவர்கள் கூரையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது.

"நான் தூங்கிட்டேன்பா" என்றேன்.

"ஓ" என்றார். நம்பிவிட்டார். போன் அடித்தது, அவர் இடது கையால் எடுத்தார்.